உடுமலை முதல் மறையூர் வரை: வாய்க்கால் தண்ணீரின் தலைவாயைத் தேடி ஒரு பயணம்

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மக்காச்சோளம் விதைக்காத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குடிமங்கலம் பக்கம் காற்றாடி சுற்றும் மானாவாரிக் காடுகளிலும், பி.ஏ.பி. வாய்க்கால் பாயும் தோட்டங்களிலும் அதுதான் பயிர். அறுத்த சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தட்டு மாட்டுக்கு ஆகிறது. இந்தப் பயிரின் தாய்நாடு எது என்று கேட்டால், கடல் தாண்டி உலகின் மறுபக்கத்தைக் காட்ட வேண்டும். அது மெக்சிகோ. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே ஒரு காட்டுப்புல்லிலிருந்து மனிதன் உருவாக்கிய தானியம் இது.

மெக்சிகோவின் தெற்குப் பகுதி, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி ஆகியவை சேர்ந்த நிலத்தை மாயா நாடு என்பார்கள். மாயா மக்கள் இந்தத் தானியத்தைத் தெய்வமாகக் கும்பிட்டவர்கள். மனிதனையே மக்காச்சோள மாவில்தான் தெய்வங்கள் பிசைந்து செய்தன என்பது அவர்களின் புராணம். அடர்ந்த காடும், காட்டுக்குள் மூழ்கிக் கிடக்கும் கல் கோயில்களும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

உடுமலை விவசாயிக்கு அப்படிப்பட்ட பயணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உடுமலையிலிருந்து மறையூர் சுமார் 45 கிலோமீட்டர். ஆற்றங்கரைக் கோயில், அணை, யானைக்காடு, ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையான கல்லறைகள், சந்தனக்காடு, கரும்பு வயல் எல்லாம் அந்த ஒரே வழியில் வருகின்றன. கூடவே, தோட்டத்து மடையில் பாயும் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

பயிரும் அங்கிருந்து, பூச்சியும் அங்கிருந்து

கிளம்பும் முன் தோட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும், மாயா நாடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். மிளகாய், பப்பாளி, கொய்யா, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்து மண்ணில் தோன்றியவை. வேலியில் நடும் கிளைரிசிடியாவும், ஆட்டுக்கு ஒடிக்கும் சவுண்டலும் அங்கிருந்து வந்தவையே. சப்போட்டா மரத்தை அங்கே பழத்துக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. அதன் கட்டை அவ்வளவு உறுதி. குவாத்தமாலாவின் திக்கால் நகரக் கோயில்களில் வாசலுக்கு மேல் வைத்த சப்போட்டா உத்தரங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கி நின்றிருக்கின்றன.

பயிர் வந்த வழியில் பூச்சியும் வந்தது. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்ப்பை நம்பியிருந்த உடுமலை வட்டாரக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. மருந்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. அந்தப் பூச்சியின் பிறப்பிடம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அங்கே அதை அடக்கி வைக்கும் அசிரோபேகஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி உண்டு. 2010-ல் அந்தக் குளவியை போர்ட்டோரிகோவிலிருந்து தருவித்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகம் மூலம் விவசாயிகளுக்கும் கொடுக்கப்பட்டது. மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது.

2018-ல் வந்த மக்காச்சோளப் படைப்புழுவும் அதே அமெரிக்க வெப்பமண்டலப் பூச்சிதான். மாயா விவசாயிகள் மக்காச்சோளத்தைத் தனியாக விதைப்பதில்லை. சோளத் தட்டில் அவரை ஏறும். பூசணிக்கொடி தரையை மூடும். அவரை மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், பூசணி இலை ஈரத்தைக் காக்கும். இந்த முறைக்கு மில்ப்பா என்று பெயர். கொங்கு நாட்டு மானாவாரியிலும் சோளத்தோடு தட்டைப்பயறும் அவரையும் கலந்து விதைத்த வழக்கம் உண்டு. படைப்புழுவுக்கு இன்று சொல்லப்படும் பரிந்துரையும் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ஊடுபயிராக உளுந்து அல்லது பாசிப்பயறு, வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. நன்மை செய்யும் பூச்சிகளுக்கு வயலில் இடம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

கரைவழி நாடு

பயணத்தை மலையில் தொடங்காமல் ஆற்றங்கரையில் தொடங்குவது நல்லது. அமராவதி ஆற்றின் இரு கரை ஊர்களுக்குக் கல்வெட்டுக் காலத்துப் பெயர் கரைவழி நாடு. கொழுமம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று வரிசையாக ஊர்கள். கடத்தூரில் ஆற்றங்கரையிலேயே அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளை இந்தப் பகுதிக் கோயில்களில் பார்க்கலாம்.

இந்த ஊர்ப் பெயர்களை இன்னொரு பட்டியலிலும் காணலாம். அமராவதி பழைய ஆயக்கட்டின் 8 ராஜவாய்க்கால்கள்: கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. அணை கட்டுவதற்கு முன்பிருந்தே ஆற்றை மறித்துத் தண்ணீரைத் திருப்பி நெல்லும் கரும்பும் விளைவித்த வாய்க்கால்கள் இவை. கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து வாய்க்காலையும் நின்று பார்க்க வேண்டும். இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் பழைய சின்னம் இந்த வட்டாரத்தில் அதுதான்.

மலையைச் சுற்றி வரும் தண்ணீர்

உடுமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருமூர்த்தி மலை. அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயில், மேலே பஞ்சலிங்க அருவி. ஆடி அமாவாசைக்குச் சலங்கை கட்டிய மாட்டுவண்டிகளில் குடும்பத்தோடு வந்து தங்கி, சாமி கும்பிட்டுப் போவது சுற்றுவட்டார விவசாயிகளின் வழக்கம்.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் பாலாற்றின் குறுக்கே கட்டிய திருமூர்த்தி அணை. உயரம் 60 அடி. கொள்ளளவு 2 டி.எம்.சி.க்கும் கொஞ்சம் குறைவு. பாலாற்றுத் தண்ணீர் மட்டும் என்றால் இந்த அணையால் பெரிய பயன் இருக்காது. பரம்பிக்குளம், சோலையாறு என்று மேற்கே ஓடிய ஆறுகளின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாக வந்து, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்த பிறகு, சுமார் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் மலைச்சரிவை ஒட்டியே வளைந்து வளைந்து இந்த அணைக்குச் சேர்கிறது.

பி.ஏ.பி. ஆயக்கட்டு 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். 4 மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வந்தால் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும். மலையில் மழை தப்பினால் சுற்றும் குறையும். கடைமடைக்காரர் முகம் பார்த்தே அந்த ஆண்டின் மழையைச் சொல்லிவிடலாம். உடுமலை நகரம் குடிப்பதும் இந்த அணைத் தண்ணீரைத்தான்.

யானை கடக்கும் பாதை

மூணாறு சாலையில் திரும்பினால் அமராவதி நகர். 1957-ல் கட்டி முடித்த அமராவதி அணை 90 அடி உயரம், 4 டி.எம்.சி. கொள்ளளவு கொண்டது. சுமார் 55 ஆயிரம் ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. அணையில் முதலை உண்டு. 1970களில் வனத்துறை தொடங்கிய முதலைப் பண்ணையும் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடாத இடம் அது.

9/6 சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் காட்டு ஓடைகள் வற்றும்போது யானைக் கூட்டம் இந்தச் சாலையைக் கடந்துதான் அணைக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும். வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு, அவை போகும்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி. ஒலி எழுப்புவதும் இறங்கிப் படம் எடுப்பதும் உயிருக்கு ஆபத்து.

இந்தக் காட்டுக்குள் தளிஞ்சி, கோடந்தூர், குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு போன்ற மலைக்கிராமங்கள் இருக்கின்றன. புலையர், முதுவர் மக்கள் தினை, ராகி, மொச்சை விதைக்கிறார்கள். தைலப்புல் காய்ச்சி எண்ணெய் எடுப்பதும் உண்டு. கோடந்தூர் கட்டளை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு சமவெளியிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். மாயா நாட்டில் மழைக்கு சாக் என்று ஒரு தெய்வம். யுகத்தான் பகுதி விவசாயிகள் மழை பொய்த்தால் இன்றும் சோளப் பலகாரம் படைத்து அதைக் கும்பிடுகிறார்கள். கொங்கு நாட்டில் மழைச்சோறு எடுத்த பாட்டிகளுக்கு இது புதுக்கதையாக இருக்காது.

சின்னார் பாலத்தைக் கடந்தால் கேரளம். சின்னார் வனவிலங்குச் சரணாலயம் மலைக்கு நடுவே இருந்தாலும் ஒரு மழைமறைவுக் காடு. ஆண்டுக்கு 50 நாளுக்கும் குறைவாகவே மழை. முள்மரங்களும் கள்ளியும்தான் அதிகம். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கே உண்டு. இவ்வளவு வறண்ட காட்டுக்கு நடுவே பாம்பாறு நுரைத்து ஓடுகிறது. தூவானம் அருவியாக விழுவதும் அதே ஆறுதான்.

மழையே பெய்யாத இடத்தில் ஆறு எப்படி? விடை இன்னும் மேலே, ஆனைமுடியைச் சுற்றிய சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை அந்தப் புல்லும் சோலையும் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. பாம்பாறும் தேனாறும் சின்னாறும் சேர்ந்துதான் அமராவதி. கொழுமத்து நெல்வயலில் நிற்பது மலைமேல் புல் பிடித்து வைத்த தண்ணீர். 2012-ல் யுனெஸ்கோ உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்த மேற்குத்தொடர்ச்சி மலைப் பகுதிகளில் சின்னாரும் எரவிகுளமும் புல்மலையும் அடங்கும்.

மறையூர்: கல்லும் சந்தனமும் கரும்பும்

சின்னாரிலிருந்து மேலே ஏறினால் மறையூர். அஞ்சுநாடு என்று சொல்லப்படும் மலை ஊர்களில் ஒன்று. தமிழ் பேசுவோர் அதிகம் என்பதால் பேச்சுக்கு எந்தச் சிரமமும் இல்லை. கோயில்கடவுப் பாறைகளில் முனியறைகளைப் பார்க்கலாம். நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடிய சிறு அறைகள். முனிவர்கள் தவம் செய்த இடம் என்பது ஊர் வழக்கு. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்பது ஆய்வாளர் கருத்து. பல அறைகள் சரிந்தும் உடைந்தும் கிடக்கின்றன. மேலே ஏறி நின்று படம் எடுப்பவர்களால் இன்னும் உடைகின்றன. பாறை ஓவியங்களும் இந்தப் பகுதியில் உண்டு.

சாலையோரம் வலைவேலிக்குள் நிற்பவை சந்தன மரங்கள். கேரளத்தில் இயற்கையாகச் சந்தனம் செழித்த காடு இது. சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் மரம். துணைமரம் இல்லாமல் தனியாக நட்டால் தேறாது. நட விரும்புகிறவர்கள் இங்கே காட்டில் எந்தெந்த மரங்களுக்கு நடுவே அது நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் வளர்க்கத் தடையில்லை. வெட்டவும் விற்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

கீழே பள்ளத்தில் கரும்பு வயல். சக்கையை எரித்துப் பாகு காய்ச்சி, கையால் உருட்டும் வெல்லம்தான் மறையூர் சர்க்கரை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. உடுமலை, மடத்துக்குளம் ஆலைக்கொட்டகைகளிலும் கரும்பு காய்ச்சுகிறார்கள். பாய்வது அதே ஆற்றுத் தண்ணீர். அந்த வெல்லத்துக்குப் பெயர் இல்லை, மறையூருக்கு இருக்கிறது. பெயர் வாங்கியவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, மண், செய்முறை, தரம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டி வாங்கினார்கள். கரைவழி நாட்டு வெல்லம் காய்ச்சுகிறவர்கள் ஒரு நாள் இங்கே வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனால் வீண்போகாது.

திக்கால் குளங்கள் சொல்லும் பாடம்

மாயாவின் பெரிய நகரங்களில் ஒன்று திக்கால். 200 அடிக்கு மேல் உயர்ந்த கோயில், சுற்றிலும் காடு. அந்த நகருக்கு ஆறு இல்லை. ஆண்டில் பாதி நாள் மழையும் இல்லை. கல் பாவிய தெருக்களையும் முற்றங்களையும் சரிவாக அமைத்து, விழுந்த மழை முழுவதையும் குளங்களில் பிடித்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பிப் பல ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 9-ம் நூற்றாண்டில் கடும் வறட்சிகள் வந்தன. கி.பி. 869-க்குப் பிறகு அங்கே ஆண்டு பொறித்த கல் எதுவும் நடப்படவில்லை. நகரைக் காடு மூடிவிட்டது.

அந்தக் குளங்களின் அடிவண்டலை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அரண்மனைக்குப் பக்கத்துக் குளங்களில் நச்சுப்பாசியும் பாதரசமும் இருந்தன. கட்டடங்களுக்குப் பூசிய சாதிலிங்கச் சிவப்பு மழையில் கரைந்து குளத்தில் சேர்ந்ததால் வந்த பாதரசம் என்கிறார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில், இருந்த கொஞ்ச நீரும் குடிக்க ஆகாமல் போயிருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டுத் திருப்பூர்ப் பக்கத்து விவசாயி வியப்படைய மாட்டார். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீர் விட வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் இயங்கத் தொடங்கின. நொய்யலும் இதே மேற்குமலையில் தெளிந்த நீராகப் பிறந்த ஆறுதான். அமராவதியும் கரூரைத் தொடும்போது சாயக்கழிவால் பட்ட பாட்டை அந்தக் கரைக்காரர்கள் அறிவார்கள்.

அமராவதியின் தலைப்பகுதி இன்னும் சுத்தமாக இருக்கிறது. அதற்குக் காரணம் மேலே காடு இருப்பதுதான். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் பாம்பாற்றுப் படுகையில் கேரளத்துக்கு 3 டி.எம்.சி. ஒதுக்கியது. மேலே ஒரு தடுப்பணைப் பேச்சு எழுந்தால் கீழே உடனே கூட்டம் கூடுகிறது. கூட வேண்டியதுதான். அதே அக்கறை மேலே புல்வெளி குறையும்போதும், காட்டில் தீ வைக்கப்படும்போதும், ஆற்றில் குப்பை கொட்டப்படும்போதும் வேண்டும். பங்கு எத்தனை டி.எம்.சி. என்பது காகிதத்தில் இருக்கும். அந்தத் தண்ணீர் உண்மையில் வருமா, நல்லதாக வருமா என்பதைத் தீர்மானிப்பது தலைவாய்.

திக்கால் அழிந்தாலும் மாயா மக்கள் அழியவில்லை. இன்றும் பல லட்சம் பேர் அதே நாட்டில், அதே மொழிகளைப் பேசிக்கொண்டு, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விதைக்கிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்து ரொட்டி சுடும் முறைகூட மாறவில்லை. கோயில் கட்டிய அரசர்களின் வரிசை அறுந்துபோனது. விதையைக் காப்பாற்றி வைத்தவர்களின் வரிசை தொடர்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்புவது நல்லது. வனச்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உடுமலையிலிருந்து மறையூர், மூணாறுக்குப் பேருந்து இருக்கிறது.
* சின்னாரில் கேரள வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது.
* பஞ்சலிங்க அருவியில் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும். குளிக்கத் தடை என்றால் தடைதான்.
* பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வேண்டாம். காட்டில் போட்டது யானை வயிற்றுக்குள் போகும், அல்லது அணைக்கு வந்து சேரும்.
* உழவர் குழுவாகப் போனால் நல்லது. காலையில் கடத்தூர் வாய்க்கால், பிறகு அமராவதி அணை, மதியம் மறையூர் வெல்லக் கொட்டகை என்று வைத்துக்கொண்டால், ஆற்றை ஒரே நாளில் வயலிலிருந்து மலை வரை பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும். அடுத்து மடை திருப்பப் போகிறவர்கள் அவர்கள்தான்.